முதுகு காட்டி நின்ற கார்

கரண்ட் இருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, வேர்த்து வழிய இருட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ஜன்னலை முறைத்துக்கொண்டிருந்த ஒருவனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அந்த மகான் நான்தான். பக்கத்து வீட்டு அக்கா என் வீட்டுக் கரண்டை உறிஞ்சுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். நான் மெயினை இறக்கும் அதே நொடியில் அங்கேயும் விளக்கு அணைந்தால் குட்டு உடைந்துவிடும் என்பது என் விஞ்ஞானம். சாயங்காலந்தோறும் சோதனை நடத்தினேன். அங்கே விளக்கு ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை. என் மனைவி பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் பாலில் விஷம் கலந்தது யார் என்பது மட்டும் எங்கள் வீட்டில் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

“ஏனுங்க, கரண்டு போனா இருட்டுல உக்காரலாம். இருக்கறப்பவும் உக்காந்தா அதுக்கு வைத்தியம் பாக்கோணுமுங்க” என்றாள் அவள்.

என் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நான் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கிறவன். வடவள்ளியைத் தாண்டி இருக்கும் எங்கள் தெருவில் கரண்ட் போனால், கடைசியாக இருட்ட வேண்டியது என் வீடு. ஆனால் முதலில் இருட்டுவது என் வீடு. என்னிடம் இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் டிவி ஓடும். என் வீட்டு ஃபேன் மட்டும் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடும். அக்கா வீட்டிலோ விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மெஷின் ‘புஸ்... டொக்’, ‘புஸ்... டொக்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டர் சத்தம் கிடையாது. மொட்டைமாடியில் சோலார் தகடு கிடையாது. என் கடையில் இன்வெர்ட்டர் வாங்கவும் இல்லை. அப்புறம் எங்கிருந்து வருகிறது? என் சரக்கு மோசம் என்று நினைக்க எனக்கு மனசு வருமா? இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு காம்பவுண்டுச் சுவர் இருந்தது. களவு அதன் வழியாகத்தான் நடக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் பஞ்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்து நுரையீரலைப் பஞ்சுத் தூசிக்குக் கொடுத்தவர். வீட்டுக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய் வழியாகத் தரும் பெட்டி ஒன்று அவர் கட்டிலருகே இருந்தது. கரண்ட் நின்றால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் அவர் உதடு நீலமாகும். இது தெருவுக்கே தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் யூனிட் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், என் யோக்கியதையை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகப்படுவதில் நான் கற்றுக்குட்டி. அக்காதான் தேர்ச்சி பெற்றவர். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓட்டிப் பார்க்காத மோட்டாரை வெளியே விட்டதில்லை. தேறாத மோட்டாரின் நெற்றியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போடுவது அவர் வேலை. ஓய்வு பெற்று வரும்போது பெயிண்ட் டப்பாவைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்தார், கோடு போடும் பழக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று அவர் வீட்டுக்காரரே சொல்வார்.

குள்ளம். பருத்திச் சேலை. மூக்குக் கண்ணாடியைத் தாண்டி நம்மைப் பார்க்கும்போது, நம் நெற்றியில் எங்கே கோடு போடலாம் என்று இடம் தேடுவது போலவே இருக்கும். அவர் வாயில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்.

“நீங்க பாத்தீங்களா?”

மழை வரும்போல இருக்குதுங்க அக்கா என்றால், “நீங்க பாத்தீங்களா?” நாளைக்குக் குழாயில் தண்ணீர் வருமாம் என்றால், “ஆரு சொன்னா? அவங்க பாத்தாங்களா?” கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் அக்கா வீட்டு வாசலில் எடை போட்டுக் காட்டாமல் திரும்பியதில்லை. தேங்காயை வாங்கும்போது காதருகே ஆட்டிக் கேட்டு, அதையும் நம்பாமல் கடையிலேயே உடைத்துத்தான் பையில் போடுவார். பொள்ளாச்சித் தேங்காய் என்று கடைக்காரர் பெருமை பேசினால், “காய் ஊரச் சொல்லுச்சுங்களா?” என்பார்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவியை அவர் கணவர் விரலில் உடனே மாட்டமாட்டார். முதலில் தன் விரலில் மாட்டி, கருவி ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்ப்பார். ஒருநாள் நான் நலம் விசாரிக்கப் போனபோது என் விரலிலும் மாட்டினார். எண்ணைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது” என்றார், ஏதோ அதிலும் ஓர் ஏமாற்று இருப்பதுபோல.

கட்டிலில் சாய்ந்திருந்த மாமா சிரித்தார். அவர் நேர் எதிர். எல்லாரையும் நம்புவார். பேச்சுக்கு நடுவே மூச்சுக்காக நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார். “நாப்பது வருசமாச்சுங்க மாப்ள... எம் மூச்சையே... இன்னும் டெஸ்டு பண்ணிட்டிருக்கறா. பாஸ் போட மாட்டீங்கறா.”

என் கடைக்கு அக்கா ஒரே ஒரு தடவை வந்தார். மெஷினுக்கு இன்வெர்ட்டர் வேண்டும் என்றார். நானும் ஆளைத் தெரியாமல் வழக்கமான பாட்டைப் பாட ஆரம்பித்தேன்.

“இதுங்கக்கா நாலு மணி நேரம் அசையாம நிக்குமுங்க.”

“ஆரு சொன்னா?”

“கம்பெனிலீங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான்... கஸ்டமரெல்லாம் சொல்றாங்களே அக்கா.”

“உங்க ஊட்டுல இதுதான இருக்குது? அது எத்தன நேரம் நிக்குது?”

நான் கடை மேசைமேல் இருந்த தூசியைத் துடைத்தேன். அக்கா எங்கள் வீட்டு ஃபேன் நிற்கும் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ‘வாரேனுங்க தம்பி’ என்று எழுந்து போய்விட்டார். என் நெற்றியில் சில்லென்று ஒரு கோடு விழுந்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம்தான் அந்தக் கார் வந்தது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார். அந்தத் தெருவுக்கே அது அதிகம். என் கரண்ட் சந்தேகம் பிறந்ததும் அதற்குப் பிறகுதான். காரைப் பற்றிய சந்தேகமோ தெரு முழுக்கப் பரவியது. ஏனென்றால் அக்கா அதில் எங்கேயும் போவதில்லை. மருந்து வாங்கவும் மார்க்கெட்டுக்கும் டவுன் பஸ்ஸில்தான் போவார். பெருந்துறையிலிருந்து மகள் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வண்டியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி, பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கி ஒருவரும் பார்த்ததில்லை.

இன்னொரு விசித்திரம். எல்லோர் வீட்டு வாசலிலும் கார் தெருவைப் பார்த்து நிற்கும். காலையில் எடுத்தால் நேராகப் போகலாம், பார்க்கிறவர்களுக்கும் மூஞ்சி தெரியும். அக்காவின் கார் மட்டும் வீட்டு ஜன்னலுக்குள் மூக்கை நுழைக்கப் போவதுபோல் நின்று, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். பேப்பர் சரியில்லாத வண்டி என்றார் ஒருவர். இன்னொருவர், பின்பக்கம்தான் விலை அதிகம் என்று எதையோ அளந்துவிட்டார். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது என்பது என் கண்டுபிடிப்பு.

எங்கள் பக்கத்தில் ஒருவர் நல்ல கார் வாங்கினால் அது பாதி ஊருடையது. மாப்பிள்ளை அழைக்க, சீர் கொண்டுபோக, பழனிக்கு மொட்டை போட என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். கொடுப்பதுதான் மரியாதை. என் மச்சினன் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைக் கூட்டிவர நானும் போய்க் கேட்டேன்.

“தப்பா நெனைக்காதீங்க தம்பி. இந்த வண்டி ஊட்ட உட்டு வராதுங்க” என்றார்.

“ஓட்டறதுக்குத்தானுங்களே அக்கா வண்டி?”

“ஆரு சொன்னா?” என்று கேட்டுவிட்டு எனக்கு மோர் கொடுத்தார். மோர் நன்றாக இருந்தது. அந்த மோரிலேயே என் சந்தேகம் இன்னும் கெட்டியாகிவிட்டது.

அடுத்து வந்தது மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் தருவார்கள். வழக்கம்போல் என் வீட்டு இன்வெர்ட்டர் கொஞ்ச நேரத்திலேயே ‘கீ கீ’ என்று அழுதுவிட்டு அடங்கியது. நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துப்பறியக் கிளம்பினேன். கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, காரைச் சுற்றி முன்பக்கம் போனேன். பானெட் லேசாகத் தூக்கியிருந்தது. அதற்குள்ளிருந்து கட்டைவிரல் தடிமனில் இரண்டு வயர். பக்கத்தில் ஸ்டூல்மேல் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து இன்னொரு வயர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளே.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பேட்டரி கார் என்றால் சார்ஜ் ஏற்ற வேண்டும், இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்குள்ளிருந்து கரண்ட் காருக்கு வருகிறது. ஊரெல்லாம் கரண்ட் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் கரண்ட் எங்கிருந்து வரும்? சுவருக்கு அந்தப் பக்கம் இப்போதுதான் அழுது அடங்கிய என் இன்வெர்ட்டரிலிருந்துதான்! என் ரத்தத்தை உறிஞ்சி இவர் காருக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். பேட்டரி விற்கிறவன் இப்படி நினைத்தேன் என்பதை என் வாடிக்கையாளர்கள் இதைப் படிக்கும்போது மன்னிக்க வேண்டும்.

ஆதாரத்தைக் கையோடு பிடித்துவிடலாம் என்று அந்தப் பெட்டியின் பிளக்கில் கை வைத்தேன்.

“ஏனுங்க தம்பி.”

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்கா. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“அதப் புடுங்குனீங்கன்னா உள்ளார அவருக்கு மூச்சு நின்னுபோயிருமுங்க. கைய மட்டும் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?”

குரல் உயரவே இல்லை. தாம்பூலம் எடுத்துக்கொள்ளச் சொல்வதுபோல்தான் சொன்னார். என் கை ஈரமண்ணில் புதைந்ததுபோல் பிளக்மேல் நின்றுவிட்டது. எடுக்கச் சொல்லி மூளை உத்தரவு போடுகிறது, கை கேட்கவில்லை. அப்போது பார்த்து, ஆளே இல்லாத காரில் எஞ்சின் தானாக ‘உர்ர்’ என்று உயிர் பெற்றது. நான் அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்ததில் துளசித் தொட்டி உருண்டது. நான் அடங்குவதற்குள் எஞ்சின் தானாகவே அடங்கியது.

உள்ளே மாமா சிரிக்க முயன்று இருமினார். “ஆருங்க... மாப்ளையா? உள்ள... வரச் சொல்லு.”

மாமாதான் மூச்சு வாங்க வாங்க எனக்கு விளக்கினார். கரண்ட் வீட்டிலிருந்து காருக்குப் போகவில்லை, காரிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. காருக்குள்ளிருக்கும் பெரிய பேட்டரி சின்ன பேட்டரியைக் காப்பாற்றும், அதில் மாட்டிய ஸ்டூல் பெட்டி அதை வீட்டுக் கரண்டாக மாற்றி மெஷினை ஓட்டும். பெரிய பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானாக எழுந்து நிரப்பிவிட்டுத் தூங்கப் போகும். வயர் குட்டையாக இருக்க வேண்டும் என்று மூஞ்சி ஜன்னலோரம், புகை வீட்டுக்குள் வரக் கூடாது என்று முதுகு தெருவோரம். வாங்கும்போதே, இப்படி மாட்டினால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள்.

“அதுக்கு இவ... என்ன கேட்டா தெரியுங்களா? எந்த வாரண்டி... காருக்கா, எங்க ஊட்டுக்காரருக்கான்னா.”

மாட்டிய பிறகும் மெஷினை உடனே இணைக்கவில்லையாம். இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் என்று வீட்டிலிருந்ததை ஒவ்வொன்றாக மாட்டி, நாள் முழுக்க ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாராம். அப்புறம்தான் கணவரின் மூச்சை அதில் மாட்டினார். அதற்குப் பின்பும் நம்பவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. அது ஆஸ்பத்திரி போகிற வழிக்கு மட்டும்.

நான் தலையைக் குனிந்தபடி எழுந்தேன். அக்கா வாசல்வரை வந்தார்.

“தம்பி, உங்க பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் எப்ப ஊத்துனீங்க?”

ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு நான் சொல்கிற விஷயம் அது. என் வீட்டுப் பேட்டரியின் மூடியைத் திறந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அன்று சாயங்காலம் திறந்தேன். உள்ளே வாளையார் மணல்போல் வறண்டு கிடந்தது. என்னிடமிருந்து கரண்ட் திருடிய ஆசாமி அகப்பட்டுவிட்டார். அவரைத்தான் தினமும் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்துவிடுகிறேன்.

மாமா போய் இப்போது சில வருஷம் ஆகிறது. காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது போனார். அந்தச் சாவு மெஷினால் வந்ததில்லை, கரண்டால் வந்ததில்லை. அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போய்விட்டார். போகும்போது தெருவே பார்த்தது, கேட்டிலிருந்து ஒரே மடக்கில் அழகாக ரிவர்ஸ் எடுத்தார். அவரை நினைத்தால் எனக்கு அந்த ரிவர்ஸ் ஞாபகம் வருவதில்லை. வருவது, மாமா இருந்தபோது பெய்த ஒரு கோடை மழைதான்.

தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து காற்று கிளம்பி வந்து, தெரு முனையில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தை வேரோடு சாய்த்துவிட்டது. மரம் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே படுத்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. கரண்ட்காரர்கள் வரும்வரை மரத்தை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. கரண்ட்காரர்களுக்கோ ஊரெல்லாம் மரம். மறுநாளும் வரவில்லை. ஒரு வண்டியும் உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது. மரத்தடியில் டூவீலர் மட்டும் தலையைக் குனிந்து நுழையலாம்.

என் இன்வெர்ட்டர், தண்ணீர் குடித்த தெம்பில், சொன்ன நேரம்வரை நின்று கௌரவமாகச் செத்தது. தெருவே போனைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்றது. அக்கா ஒவ்வொரு சார்ஜரையும் வாங்கித் திருப்பிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்து, சிலதை உள்ளே எடுத்தார், சிலதைத் திருப்பிக் கொடுத்தார். என்னுடையது திரும்பி வந்தது.

அதற்கும் மறுநாள் மதியம் அக்கா என்னைக் கூப்பிட்டார். காரின் பெட்ரோல் முள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சேமிப்பாக வீட்டில் பெட்ரோல் கிடையாது. ஆக்சிஜன் இருக்கும் வீட்டில் பெட்ரோல் வைக்க அவர் என்ன நானா? காரைப் பங்க்குக்குக் கொண்டுபோக மரம் விடாது. மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அதே மரம் விடாது. யாராவது போய் வாங்கி வர வேண்டும். தெருவில் அந்த நேரத்தில் டூவீலரோடு இருந்த ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். அக்காவின் முகத்தில் அவ்வளவு வருத்தத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“எங்கிட்டயே கேன் இருக்குதுங்கக்கா.”

“அதுல ஆசிட் வெச்சிருந்தீங்கல்ல?”

வைத்திருந்தேன். அவரே கழுவிக் காயவைத்த ஒரு தகரக் கேனை நீட்டினார். “நீங்களே நின்னு பாருங்க. ஜீரோ பாருங்க. வேற ஆரு கையிலயும் குடுக்காதீங்க.”

முதல் பங்க்கில் இல்லை. அடுத்ததில் ஜெனரேட்டர் ஓடவில்லை. அதற்கடுத்ததில் பெரிய வரிசை. என் முறை வந்ததும், திரும்பிப் போனால் என்னென்ன கேட்பாரோ அத்தனையையும் பார்த்தேன். ஜீரோவைக் குனிந்து பார்த்தேன். கேனுக்குள் பார்த்தேன். மழைத் தண்ணீர் கலந்திருக்குமா என்று கேட்டேன். குழாய் முனையைத் துடைக்கச் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், “ஏனுங்ணா, பெட்ரோல் போட வந்தீங்ளா, பொண்ணு பாக்க வந்தீங்ளா?” என்றார். எங்கள் ஊரில் திட்டுவதென்றாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். நான் கேனை மடியில் கட்டிக்கொள்ளாத குறையாக ஓட்டினேன்.

அக்கா தெருவிலேயே நின்றிருந்தார். கேனை வாங்கி, கொஞ்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்தார். வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டார். சொட்டு காய்ந்து, கறையில்லாமல் மறையும்வரை நானும் அவரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே ‘புஸ்... டொக்’.

“ஊத்தறப்ப வண்டிய அணைச்சுப்போடோணும். இல்லீன்னா நடுவுல எஞ்சின் எந்திரிச்சுரும். அதுவரைக்கும் அவரச் சிலிண்டர்ல வெக்கோணும். நான் அவரு பக்கத்துல இருக்கோணும்” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேங்க் மூடி இருப்பது காரின் பின்பக்கம். ஜன்னலிலிருந்து தெரிவது காரின் மூஞ்சி மட்டும். நான் ஊற்றுவதை அவரால் பார்க்க முடியாது. கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவர், பிளக்கில் கை வைத்தவன் கையில் கேனைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

அக்கா என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக, நெற்றியில். அப்புறம் காரை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

‘புஸ்’ வந்தது. ‘டொக்’ வரவில்லை. அவ்வளவு நிசப்தமான ஒரு மதியத்தை நான் கேட்டதில்லை. புனலைச் செருகினேன். ஒரு சொட்டுச் சிந்தினாலும் தெரு முழுக்க அது கேட்கும்போல இருந்தது. கேனின் அடிவரை சாய்த்து, மூடியை இறுக்கி, இறுக்கியதை மறுபடி இறுக்கி, “ஆச்சுங்கக்கா!” என்று கத்தினேன்.

அவர் வந்தார். மூடியைத் தொட்டுப் பார்த்தார், கீழே தரையைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். முள் ஏறியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ‘புஸ்... டொக்’ என்று மெஷின் மறுபடி பேச ஆரம்பித்தது. மாமாவின் குரல், “மாப்ளைக்கு... மோர் குடு” என்றது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வைதான் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

“இப்பவாச்சும் என்னைய நம்புனீங்களேக்கா.”

அக்கா காலிக் கேனைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பெட்ரோல நம்புனேனுங்க.”